பின்பக்கம் எங்கே மாட்டி இழுப்பது? மலை வண்டிக்காரர்களுக்குக் கேள்வி பதில்

ஐப்பசி மழை பிடித்துவிட்டது, கொடைக்கானல் மேல்மலையிலும் கீழ்மலையிலும் தோட்டப் பாதையெல்லாம் சேறு. சிக்கிய வண்டியைப் பின்பக்கமாக இழுப்பது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்குப் பதில் இதோ.

மன்னவனூர், பிக்கப்: அண்ணே, கேரட் லோடோடு தோட்டத்திலேயே புதைந்துவிடுகிறது. பின்னால் டிரெய்லர் மாட்டுகிற டோ பால் இருக்கிறது. அதில் பெல்ட்டை மாட்டி இழுக்கலாமா?

வேண்டாம் தம்பி, இதை மட்டும் யாருமே செய்யாதீர்கள். அந்த உருண்டை, டிரெய்லர் பின்னால் சீராக உருண்டு வருவதற்காகச் செய்தது. புதைந்த வண்டியை வெடுக்கென்று இழுக்கும்போது விசை முழுவதும் அதன் கழுத்தில் விழும், கழுத்து முறிந்தால் இரும்பு உருண்டை பெல்ட்டோடு சேர்ந்து பறக்கும். அப்படிப் பறந்தது கண்ணாடியை உடைத்து உள்ளே போய் ஆளைக் கொன்ற விபத்துகள் ஆஸ்திரேலியாவில் நடந்திருக்கின்றன.

பால் கழற்றக்கூடிய சதுரக் குழாய், அதாவது ரிசீவர் உள்ள வண்டி என்றால் உங்களுக்குச் செலவு ரொம்பக் குறைவு. பாலைக் கழற்றிவிட்டு, அதே குழாயில் நுழைகிற ஷாக்கிள் கட்டையை, அதாவது ஆணி போட்டுப் பூட்டுகிற U வடிவ இரும்பு வளையம் (ஷாக்கிள்) மாட்டிய கட்டையைச் சொருகி, குறுக்கே இரும்பு ஆணி (பின்) போடுங்கள், போதும். அதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் படுத்து ஒரு தடவை பாருங்கள். ரிசீவரை சேசிஸின், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின், இரண்டு பக்கமும் போல்ட் போட்டுப் பிடித்திருந்தால் சரி. பம்பரில் பிடித்திருந்தால் அது இழுக்க உதவாது.

தாண்டிக்குடி, பழைய கமாண்டர் ஜீப்: பட்டறையில் கட்டுமானக் கம்பியை வளைத்து சேசிஸில் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்கிறார்கள், செலவும் கம்மி. செய்யலாமா?

செய்யாதீர்கள். கான்கிரீட்டுக்குள் இருக்க வேண்டிய கம்பி அது, வளைத்த இடத்தில் எவ்வளவு தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெல்டிங் அதைவிடக் கவலை. சேசிஸ் தகட்டில் சூடு ஏறிய ஓரம்தான் பின்னால் விரிசல் விடும், மேலே பெயின்ட் அடித்துவிட்டால் அந்த விரிசல் கண்ணுக்கும் தெரியாது. இழுக்கிற அன்றைக்குத்தான் தெரியும்.

அதே பட்டறையில் வேறு வேலை கேளுங்கள். 12 மில்லிமீட்டர் தகட்டை வெட்டி, ஷாக்கிள் பின் நுழைய ஓட்டை போட்டு, ஓட்டையின் விளிம்பை நன்றாக உருட்டிவிடச் சொல்லுங்கள். அந்தத் தகட்டை சேசிஸ் நீளவாட்டில் குறைந்தது மூன்று போல்ட்டில் பிடிக்க வேண்டும், மறுபக்கமும் ஒரு தகடு கொடுக்க வேண்டும். சேசிஸ் பெட்டி மாதிரி மூடியதாக இருந்தால் போல்ட் போகிற இடத்தில் உள்ளே குழாய்த் துண்டு வைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நட்டை முறுக்க முறுக்க சேசிஸ் நசுங்கும், போல்ட் ஒருநாளும் இறுகாது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய் பக்கம் ஓட்டை போட விடாதீர்கள்.

உங்கள் வண்டி ஜீப் வகை என்பதால் இன்னொரு வழியும் உண்டு. ராணுவ ஜீப்புகளில் வருகிற பின்டில் கொக்கி, அந்த வாயைத் திறந்து மூடுகிற கொக்கி, பழைய சாமான் கடையில் கிடைத்தால் வாங்குங்கள். பூட்டு சரியாக விழ வேண்டும், கொக்கியின் உள்பக்கம் தேய்ந்திருக்கக் கூடாது. கடைசிக் குறுக்குச் சட்டம் துருப்பிடித்திருந்தால் கொக்கி எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை, சட்டத்தோடு சேர்ந்து வந்துவிடும்.

அதே ஊர், இன்னொருவர்: போல்ட் எது வாங்குவது?

காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இதுதான். தலையில் 8.8 என்று பொறித்த போல்ட் கேளுங்கள். முதல் 8 என்பது சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை அறுகாது என்பதற்கு, அடுத்த 8 அதில் 80 சதவீதம் போனதும் நெளியத் தொடங்கும் என்பதற்கு. 4.6 போல்ட் அதில் பாதிதான் தாங்கும். எண்ணே இல்லாத போல்ட்டை வேலி கட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானல், புது வண்டி: கம்பெனியே பின்னால் ஒரு வளையம் கொடுத்திருக்கிறது. போதாதா?

வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள். லாரியிலும் கப்பலிலும் வண்டியைக் கட்டிவைக்க மட்டும் கொடுத்த வளையமும் உண்டு, அதில் இழுத்தால் பிய்ந்துவிடும். திருகி மாட்டுகிற வளையம் சமதளத்தில் நேராக, மெதுவாக இழுத்துப் போக மட்டுமே.

பண்ணைக்காடு: ஷாக்கிள் எத்தனை டன்?

முக்கால் அங்குல வில் ஷாக்கிளில் 4.75 டன் என்று பொறித்திருக்கும், நம் ஜீப்புக்கும் பிக்கப்புக்கும் அது சரி. எண் பொறிக்காததை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பின்னை முழுக்க முறுக்கிவிட்டுக் கால் சுற்று பின்னால் விடுங்கள், அப்போதுதான் இழுத்த பிறகு கையால் கழற்றலாம்.

எவ்வளவு விசை வரும் என்றும் மனதில் கணக்குப் போடுங்கள். சக்கரம் முழுக்க சேற்றில் இறங்கினால் ஏறக்குறைய வண்டியின் எடை அளவுக்கே இழுவை வேண்டும். மேட்டில் என்றால் இன்னும் கூடும், 15 டிகிரி ஏற்றத்துக்கு எடையில் கால் பங்கு. சரக்கோடு மூன்று டன் என்றால் ஏற்றத்துக்கு மட்டும் முக்கால் டன். முதலில் லோடை இறக்குங்கள், மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வெட்டிவிடுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

பூம்பாறை: சங்கிலி போட்டு ஜெர்க் கொடுத்து இழுப்பதுதான் இங்கே வழக்கம்.

சங்கிலி நீளாது அண்ணே, அடி மொத்தமும் கொக்கியில் விழும். சங்கிலி போட்டால் மெதுவாக, இறுக்கமாகவே இழுக்க வேண்டும். வேகம் எடுத்து இழுக்க நைலான் மீட்புக் கயிறு வேண்டும், அது நீண்டு விசையை வாங்கிக்கொள்ளும். எந்தக் கயிறானாலும் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைத் தொங்கவிடுங்கள். வேடிக்கை பார்க்கிறவர்களைக் கயிற்று நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அனுப்புங்கள், பிள்ளைகளை இன்னும் தள்ளி.

பெருமாள்மலை: பின்னால் இரண்டு பக்கமும் கொக்கி இருக்கிறது. இரண்டிலும் மாட்டலாமா?

மாட்டுங்கள், நல்லதுதான். ஆனால் பெல்ட் நீளமாக இருக்கட்டும். கொக்கிகளுக்குப் பிரிந்து போகிற பெல்ட்டின் இரண்டு கைக்கும் நடுவே கோணம் 60 டிகிரிக்குள் இருந்தால் ஒவ்வொன்றும் பாதிக்குச் சற்று மேல்தான் சுமக்கும். 120 டிகிரிக்கு விரிந்தால் ஒவ்வொரு கொக்கியும் முழு விசையையும் சுமக்கும்.

கூக்கால்: இழுத்து முடித்த பிறகு எதையாவது பார்க்க வேண்டுமா?

கண்டிப்பாக. சேறு கழுவியதும் ஓட்டை நீள்வட்டமாகிவிட்டதா, போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட் வெடித்திருக்கிறதா, ஷாக்கிள் பின் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். நெளிந்த பின்னை நிமிர்த்தாதீர்கள், மாற்றுங்கள். போல்ட்டையும் அப்படியே, ஒன்று நெளிந்திருந்தால் அந்தத் தகட்டில் உள்ள எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.