ரிப்போர்ட் தலைப்புகளைத் தானாகவே கேப்பிடல் எழுத்தில் வரவைக்க முடியுமா?

அத்தியாயத் தலைப்பு முழுக்க கேப்பிடலில், உட்தலைப்பில் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்து மட்டும் கேப்பிடலில் வரணும், இதை லாடெக்கோ (கட்டளை எழுதி ஆவணத்தை வடிவமைக்கும் மென்பொருள்) வேர்டோ தானாகச் செய்யுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலாவதை மெஷினிடம் விடலாம், இரண்டாவதை விடாதீர்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் டிடிபி வேலை செய்கிறேன், ப்ராஜெக்ட் சீசனில் இங்கே வரும் பிள்ளைகளிடமும் இதைத்தான் சொல்கிறேன்.

தலைப்பை கேப்ஸ் லாக் போட்டு அடிக்கவே அடிக்காதீர்கள். ஊர்ப்பெயர், சுருக்கப்பெயர் எல்லாம் சரியான எழுத்தில் இருக்கும்படி சாதாரணமாக அடித்துவிட்டு, பெரிதாகக் காட்டும் வேலையை ஸ்டைலிடம், அதாவது தலைப்பின் தோற்றத்தை முடிவு செய்யும் அமைப்பிடம், கொடுங்கள், ஏனென்றால் சிறியதைப் பெரிதாக்குவது எளிது, ஆனால் எல்லாமே கேப்பிடலில் கிடக்கும் தலைப்பைத் திரும்பச் சிறிதாக்கும்போது எது டிஎன்ஏ, எது சாதாரணச் சொல் என்று எந்த மென்பொருளுக்கும் தெரியாது. வேர்டில் ஹெட்டிங் 1 ஸ்டைலை மாடிஃபை செய்து ஃபான்ட் பகுதியில் ஆல் கேப்ஸ் டிக் செய்தால் போதும். ஷிஃப்ட் எஃப்3 வேண்டாம், அது அடித்த எழுத்தையே மாற்றிவிடும். லாடெக் என்றால் டைட்டில்செக் பேக்கேஜை (கூடுதல் வசதி தரும் துணைத்தொகுப்பு) சேர்த்து, டைட்டில்ஃபார்மேட் கட்டளையின் கடைசி அடைப்புக்குள் மேக்அப்பர்கேஸ் என்று முடியுங்கள், தலைப்பை அதுவே எடுத்துக்கொள்ளும்.

ஆனால் அலகுகளில் கண் வையுங்கள். மில்லிவாட்டுக்குச் சின்ன எம், மெகாவாட்டுக்குப் பெரிய எம், வித்தியாசம் அவ்வளவுதான். லேசர் டயோடு பற்றிய ரிப்போர்ட்டில் "5 மில்லிவாட்" என்ற தலைப்பை ஆல் கேப்ஸ் ஆக்கினால் 5 மெகாவாட் ஆகிவிடும், அதாவது 100 கோடி மடங்கு! அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் முதல் கட்டத்தில் ஒரு யூனிட்டே 210 மெகாவாட்தான், அப்படியிருக்க ஒரு டயோடுக்கு 5 மெகாவாட் என்று அச்சாகிப் போனால் வைவாவில் என்ன பதில் சொல்வது? லாடெக்கில் அந்த அலகை மட்டும் நோகேஸ்சேஞ்ச் கட்டளைக்குள் போடுங்கள். 2022-க்கு முந்தைய பதிப்பு என்றால் டெக்ஸ்ட்கேஸ் பேக்கேஜைச் சேர்த்து, மேக்அப்பர்கேஸுக்குப் பதில் மேக்டெக்ஸ்ட்அப்பர்கேஸ் பயன்படுத்துங்கள். வேர்டில் அந்த எழுத்தை மட்டும் செலக்ட் செய்து ஆல் கேப்ஸை எடுத்துவிடுங்கள்.

உட்தலைப்புக்கு லாடெக்கில் டைட்டில்கேப்ஸ் என்று ஒரு பேக்கேஜ் இருக்கிறது, ஆஃப், அண்ட் மாதிரி சின்னதாகவே இருக்க வேண்டிய சொற்களை முதலில் பட்டியலாகக் கொடுத்துவிடலாம். ஆனாலும் "அப்" என்பது ஒரு இடத்தில் வெறும் முன்னிடைச்சொல் (ப்ரெபொசிஷன்), "செட்டிங் அப்" என்னும்போது வினையோடு சேர்ந்தது, அங்கே பெரிய எழுத்து வேண்டும். பட்டியலால் இதைப் பிரிக்க முடியாது. எத்தனை உட்தலைப்பு இருந்தாலும் ஒருமுறை உட்கார்ந்து கையால் திருத்துவதே சரி, அதற்கு ஒரு டீ குடிக்கும் நேரம் போதும்.

அப்புறம் பொருளடக்கம். டைட்டில்செக்கில் செய்த மாற்றம் அங்கே போகாது, நீங்கள் அடித்தபடியேதான் வரும். அங்கேயும் கேப்பிடல் கேட்டால் டைட்டில்டாக் பேக்கேஜில் தனியாகச் சொல்ல வேண்டும், வேர்டில் டிஓசி 1 ஸ்டைலிலும் ஆல் கேப்ஸ் வையுங்கள்.