இயந்திரத்தின் விலை 24 லட்சம் அல்ல

கேள்வி: கோவை கணபதியில் 11 ஆண்டுகளாக லேத் பட்டறை நடத்தி வருகிறேன். ஏழு பேர் வேலை செய்கிறார்கள். பம்ப் நிறுவனங்களுக்கு ஷாஃப்ட், புஷ், ஸ்லீவ் போன்ற பாகங்களை, மூலப்பொருளையும் நாங்களே வாங்கிச் செய்து கொடுக்கிறோம். மாத விற்பனை, 18% ஜி.எஸ்.டி. நீங்கலாக, 9 லட்சம் ரூபாய். அதில் 60% ஒரே நிறுவனத்துக்குப் போகிறது. அவர்கள் 90 நாளில்தான் பணம் தருகிறார்கள். மற்றவர்கள் 45 நாளில் தந்துவிடுவார்கள். சி.என்.சி. (கணினி வழி இயங்கும்) இயந்திரம் போட்டால் மாதம் 4 லட்சத்துக்குக் கூடுதல் ஆர்டர் தருவதாக அந்தப் பெரிய நிறுவனத்தார் சொல்கிறார்கள். இயந்திரம் எல்லாம் சேர்த்து 24 லட்சம். வங்கிக் கடன் 18 லட்சம் போக, மீதி 6 லட்சத்துக்கு மனைவியின் நகையை அடகு வைக்க எண்ணியுள்ளேன். வங்கியில் வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள். ஏற்கெனவே 5 லட்சத்துக்கு ஓ.டி. (வங்கி மிகைப்பற்று) உள்ளது. ஆயுத பூஜைக்குள் இயந்திரத்தை இறக்கிவிட வேண்டும் என்று ஆசை. லாபம் இருப்பதாகத்தான் கணக்கு சொல்கிறது; ஆனால் சம்பள நாள் வந்தால் கைமாற்று வாங்க வேண்டியிருக்கிறது. வாங்கலாமா? மாதச் செலவு விவரத்தை இணைத்துள்ளேன்.

பதில்: வாங்கலாம், ஆனால் இந்த ஆயுத பூஜைக்கு வேண்டாம். லாபம் உள்ள தொழிலில் சம்பள நாளன்று கைமாற்று ஏன் என்ற கேள்விக்கு விடை தெரியாமல் இயந்திரத்தை வாங்கினால், இப்போது மாதக் கடைசியில் வரும் நெருக்கடி மாதம் முழுவதும் தங்கிவிடும்.

முதலில் லாபத்தைப் பார்த்துவிடுவோம். மூலப்பொருள் 4.5 லட்சம், சம்பளம் 1.6 லட்சம், வாடகை 30,000, மின்சாரம் 45,000, டூல், பராமரிப்பு, வண்டி வாடகை 55,000 என்று எழுதியிருக்கிறீர்கள். செலவு 7.4 லட்சம் போக 1.6 லட்சம் நிற்கிறது. இதில் நீங்கள் வீட்டுக்கு எடுக்கும் 50,000 ரூபாயைச் செலவாகவே காட்டவில்லை. உங்கள் இடத்தில் ஒரு சூப்பர்வைசரை வைத்தால் அவருக்குச் சம்பளம் தர வேண்டியிருக்குமல்லவா? அதைக் கழித்தால் மிச்சம் 1.1 லட்சம். சிறு பட்டறைகளில் முதலாளியின் உழைப்புக்குக் கூலி போடாமல் பாகத்துக்கு விலை வைப்பது பரவலான பழக்கம். அக்கம்பக்கத்தில் என்ன விலை என்று பார்த்து அதைவிட ஐம்பது காசு குறைத்துக் கொடுப்பவருக்கு இந்தத் தவறு கண்ணில் படுவதே இல்லை. எப்படியிருந்தாலும், உங்கள் தொழில் நட்டத்தில் ஓடவில்லை.

அப்படியானால் பணம் எங்கே? பெரிய நிறுவனத்துக்கு மாதம் 5.4 லட்சம் வீதம் மூன்று மாதச் சரக்கு, வரியோடு சேர்த்து 19.1 லட்சம், பாக்கியாக நிற்கிறது. மற்றவர்களிடம் ஒன்றரை மாதப் பாக்கி 6.4 லட்சம். ஆக 25.5 லட்சம், அதாவது வாங்க நினைக்கும் இயந்திரத்தின் விலையை விடச் சற்று அதிகமான தொகை, எந்த நேரமும் பிறர் கையில் இருக்கிறது. பணம் வராத பில்லுக்கும் வரியை அடுத்த மாதமே கட்டிவிடுகிறீர்கள், ஜி.எஸ்.டி. பில் தேதியைத்தான் பார்க்கும், பணம் வந்த தேதியை அல்ல.

இப்போது இயந்திரத்துக்கு வருவோம். மாதம் 4 லட்சம் கூடுதல் விற்பனை என்றால் மூலப்பொருள் 2 லட்சம், ஆபரேட்டர் 25,000, மின்சாரம் 12,000, டூல் 20,000 என்று வைத்துக்கொண்டால் 1.43 லட்சம் மிஞ்சும். 18 லட்சம் கடனுக்கு 11% வட்டியில் ஐந்தாண்டுத் தவணை மாதம் சுமார் 39,000, நகைக் கடன் வட்டி 12% என்றால் 6,000. அவை போகவும் ஏறக்குறைய 98,000 கையில் நிற்கும் என்பதால், உங்கள் ஆசையில் தவறில்லை. ஆனால் அந்த 98,000 முதல் மூன்று மாதம் வராது. அந்த மூன்று மாதமும் மூலப்பொருளும் கூலியும் மாதம் 2.57 லட்சம், அதோடு வரியாக 72,000, ஆக 3.29 லட்சம் வீதம் சுமார் 10 லட்சம் நீங்கள் கையிலிருந்து போட வேண்டும். தவணையையும் வட்டியையும் சேர்த்தால் 11 லட்சத்தைத் தாண்டும். ஆகவே இந்த இயந்திரம் உங்களுக்கு 24 லட்சம் அல்ல, 35 லட்சம். மேலதிக 11 லட்சத்துக்கு உங்கள் திட்டத்தில் இடமே இல்லை. ஓ.டி. 5 லட்சமும் ஏற்கெனவே முட்டி நிற்கும் நிலையில், அந்த 11 லட்சம் வெளியில் வாங்கும் வட்டிப் பணமாகத்தான் வந்து சேரும்.

இன்னொன்றையும் கணக்கிட்டுப் பார்த்தேன். சொன்னதில் பாதி, அதாவது 2 லட்சம் ஆர்டர் மட்டுமே வந்தால், தவணையும் வட்டியும் போக மிஞ்சுவது 14,000. வாய்வார்த்தையாகச் சொன்ன ஆர்டரை நம்பி வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்க இந்த எண் இடம் தரவில்லை. எத்தனை பாகம், என்ன விலை, எத்தனை மாதத்துக்கு என்று ஆறு மாதத்துக்காவது பர்ச்சேஸ் ஆர்டர் கேளுங்கள். தரத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம். அதுவரை முதல் சில லாட்டுகளை, சும்மா நிற்கும் சி.என்.சி. வைத்திருக்கும் வேறு பட்டறையில் மணிக்கணக்கில் கூலி கொடுத்துச் செய்து அனுப்புங்கள். லாபம் குறையும், ஆர்டர் உண்மையா, ரிஜெக்‌ஷன் எவ்வளவு, ஒரு பாகத்துக்கு நிஜமாக எத்தனை நிமிடம் ஆகிறது என்பது தெரிந்துவிடும்.

அடுத்து, 90 நாளைக் குறைக்கும் வேலை. உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருக்கிறதா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. இல்லையென்றால் இன்றே ஆதாரை வைத்து இணையத்தில் செய்யுங்கள், கட்டணம் கிடையாது. குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து மூல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. கோவையிலேயே இதற்கான வசதியாக்கக் குழுவில் முறையிட முடியும். ஆனாலும் விற்பனையில் 60% தரும் வாடிக்கையாளர் மீது புகார் எழுதச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதைவிட மென்மையான பிடி ஒன்று இருக்கிறது. சட்டக் கெடு தாண்டியும் மார்ச் 31க்குள் கொடுக்கப்படாத பாக்கியை, வாங்கிய நிறுவனம் அந்த ஆண்டின் செலவாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது; ஆடிட்டர்கள் 43பி எச் என்று குறிப்பிடும் இந்த விதி 2023-24 நிதியாண்டிலிருந்து நடைமுறையில் உள்ளது. ஆகவே உத்யம் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிட்டு, சான்றிதழின் நகலோடு அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கு ஒரு மரியாதையான கடிதம் அனுப்புங்கள். முதலாளியிடம் பேசுவதைவிட அவருடைய ஆடிட்டர் காதில் விழுவது அதிகப் பயன் தரும்.

அவர்கள் ஆண்டு விற்றுமுதல் 250 கோடியைத் தாண்டும் நிறுவனமாக இருந்தால் ட்ரெட்ஸ் என்னும், சிறு தொழில்களின் பில்களைப் பணமாக்கும் இணையத் தளத்தில் பதிந்திருக்க வேண்டும். அங்கே அவர்கள் ஒப்புக்கொண்ட உங்கள் பில்லை வங்கிகள் கழிவு போக வாங்கிக்கொள்ளும். கழிவு அவர்களின் நிதித் தகுதியைப் பொறுத்தது, அவர்கள் பணம் கட்டாவிட்டாலும் வங்கி உங்களிடம் திரும்பி வராது. இவற்றில் ஏதாவது ஒரு வழியில் 90 நாள் 45 ஆனால், ஒரு பைசா கடன் இல்லாமல் சுமார் 9.5 லட்சம் உங்கள் கைக்குத் திரும்பும்.

வங்கியிடம் இயந்திரக் கடனுக்கு முன்பாக நடைமுறை மூலதன வரம்பை, அதாவது அன்றாடச் செலவுக்கான கடன் வரம்பைக் கேளுங்கள். சிறு தொழில்களுக்கு எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20% வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு வகுத்த, வங்கிகள் இன்றும் பின்பற்றும் அளவுகோல். உங்கள் 1.08 கோடிக்கு அது 21.6 லட்சம், நீங்களோ 5 லட்சத்தில் காலம் தள்ளுகிறீர்கள். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்களையே ஆதாரமாகக் காட்டலாம். வீட்டுப் பத்திரத்துக்குப் பதிலாக சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்னும் சிறு தொழில் கடன் உத்தரவாத நிதியத்தின் உத்தரவாதத்தில் தர முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். ஆண்டுக் கட்டணம் உண்டு என்றாலும் வீடு தப்பும். இயந்திரத்துக்கான மாநில அரசு மானியம் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில், ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். ஆனால் மானியம் எப்போது கைக்கு வரும் என்று சொல்ல முடியாதாகையால், தவணைக் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம்.

நகை இப்போதைக்கு லாக்கரிலேயே இருக்கட்டும். அந்தப் பெரிய நிறுவனத்தின் கடைசி ஆறு பில்களின் தேதியையும் ஒவ்வொன்றுக்கும் பணம் வந்த தேதியையும் பொங்கலுக்குப் பின் எனக்கு எழுதி அனுப்புங்கள். அந்த இடைவெளி 60 நாளுக்குக் கீழே வந்திருந்து, பர்ச்சேஸ் ஆர்டரும் கையில் இருந்தால், எந்த இயந்திரம், எந்தக் கடன் என்று அப்போது பேசலாம்.