பெயர் ஒன்றுதான், மெமரி வேறு

கேள்வி: பழைய அலுவலக கம்ப்யூட்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன். பவர் சப்ளை சின்னது என்பதால் ஜிடி 1030 கிராஃபிக்ஸ் கார்டு போதும் என்று கடைக்குப் போனேன். 2 ஜிபி ஜிடிடிஆர்5 மெமரி உள்ளது ஒன்று, 4 ஜிபி டிடிஆர்4 மெமரி உள்ளது ஒன்று என இரண்டு காட்டினார்கள். 4 ஜிபிதான் நல்லது என்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம் சார்?
- கல்லூரி மாணவர், தேனி

பதில்: 2 ஜிபி ஜிடிடிஆர்5 கார்டையே வாங்குங்கள் தம்பி. யோசிக்கவே வேண்டாம்.

என்விடியா நிறுவனம் 2017-இல் ஜிடி 1030-ஐக் கொண்டுவந்தபோது அதில் ஜிடிடிஆர்5 மெமரிதான் இருந்தது. மறு வருடமே டிடிஆர்4 போட்டு இன்னொன்று வந்தது, பெயரை மாற்றாமல். இரண்டிலும் 384 கோர்கள் (படத்தைக் கணக்கிட்டு வரையும் பகுதிகள்), இரண்டிலும் 64 பிட் பஸ் (மெமரிக்கும் கோருக்கும் இடையே தரவு போகும் பாதை). ஆனால் முதலாவது நொடிக்கு 48 ஜிபி தரவை நகர்த்தும், இரண்டாவது 16.8 ஜிபிதான். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! டிடிஆர்4-இல் கோரின் வேகமும் கொஞ்சம் குறைவு. இதற்கு வேறு பெயர் வைத்திருக்க வேண்டும். விவரம் தெரியாமல் பணம் கொடுப்பவர்கள் உங்களைப் போன்ற மாணவர்கள்தான் என்பதால் எனக்கு இதில் கோபமே உண்டு.

விளையாடும்போது ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும், கோர் மெமரியிலிருந்து டெக்ஸ்சரை (பொருள்களின் மேல் ஒட்டும் படங்களை) எடுக்க வேண்டும், வரைந்ததைத் திரும்ப எழுத வேண்டும். மெமரி மெதுவாக இருந்தால் கோர் சும்மா காத்திருக்கும். அதனால்தான் பல கேம்களில் டிடிஆர்4 கார்டு பாதி ஃபிரேம்களையே தருகிறது. 4 ஜிபி என்பது இடம், வேகம் அல்ல. அவ்வளவு இடத்தை நிரப்பும் கேமை இந்தக் கோரால் எப்படியும் ஓட்ட முடியாது.

எல்லாக் கார்டிலும் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருக்காது. என்விடியாவின் இன்னொரு கார்டான ஜிடிஎக்ஸ் 1650-ஐப் பாருங்கள்: ஜிடிடிஆர்5-இல் நொடிக்கு 128 ஜிபி, 2020-இல் வந்த ஜிடிடிஆர்6-இல் 192. ஆனால் புதியதில் கோரின் வேகத்தைச் சற்றுக் குறைத்துவிட்டார்கள். அதனால் கேமில் கிடைக்கும் லாபம் கொஞ்சம்தான். அதில் நல்ல விலைக்கு எது கிடைத்தாலும் எடுக்கலாம்.

அப்புறம், பெட்டியில் அச்சடித்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், அதுவும் பழைய கார்டு என்றால். கடையிலேயே ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி, ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டச் சொல்லுங்கள். மெமரி டைப் என்ற இடத்தில் ஜிடிடிஆர்5, பேண்ட்வித் (நொடிக்கு நகரும் தரவு) 48 என்று காட்டினால் பணம் கொடுங்கள். பில்லிலும் ‘ஜிடிடிஆர்5’ என்று எழுதி வாங்குங்கள்.