கொயோட்டால் ரோட் ரன்னரைப் பிடிக்கவே முடியாதா?

"நிஜத்தில் கொயோட்தானே வேகமாக ஓடும், அப்புறம் கார்ட்டூனில் மட்டும் ஏன் அந்தப் பறவை சிக்குவதே இல்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஓநாய்க்குச் சொந்தக்கார விலங்கான கொயோட் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில்கூட ஓடும். ரோட் ரன்னர் குயில் குடும்பத்துப் பறவை. அதற்கு 30 கி.மீ.யே பெரிய விஷயம்.

ஆனால் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தில் இயக்குநர் சக் ஜோன்ஸும் கதாசிரியர் மைக்கேல் மால்டீஸும் 1949-ல், கொயோட் ரோட் ரன்னரைத் துரத்தும் இந்தக் கார்ட்டூன் வரிசையைத் தொடங்கியதே, அன்றைய துரத்தல் கார்ட்டூன்களைக் கிண்டல் செய்யத்தான். பறவை பெரும்பாலும் ஒன்றுமே செய்யாது; 'பீப் பீப்' என்று கத்திவிட்டுப் பறந்தடித்து ஓடிவிடும். கொயோட் வாங்குகிற அடியெல்லாம் அதன் சொந்த ஏற்பாடு. அக்மி என்ற கற்பனைக் கம்பெனியிலிருந்து வரவழைத்த ராக்கெட்டோ வெடியோ தேவைப்படும் நேரத்தில் வேலை செய்யாது, என்ன ஆச்சு என்று கிட்டே போய்ப் பார்த்தால் கச்சிதமாக வெடிக்கும்.

மலை விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நிற்கும் காட்சியும் அப்படித்தான். கீழே பார்க்காத வரை விழாது. பார்த்துவிட்டு, புரிந்துபோய், பரிதாபமாக நம் பக்கம் திரும்புமே, என்னைக் கேட்டால் அந்த முகத்துக்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சரி, பிடித்ததே இல்லையா? 1980-ல் வந்த ஒரு படத்தில் பிடித்தது. ஆனால் அதற்குள் கொயோட் எலி அளவுக்குச் சுருங்கியிருந்தது! ராட்சதப் பறவையின் காலைக் கட்டிக்கொண்டு, "இப்போது நான் என்ன செய்ய?" என்று நம்மிடமே அட்டையில் எழுதிக் காட்டியது.