சிட் விஷஸ் பிழைத்திருந்தால்?

கேள்வி: 21 வயதில் இறந்துபோன பங்க் ராக் கலைஞர் சிட் விஷஸ் போதையிலிருந்து மீண்டு இன்றும் வாழ்ந்திருந்தால், எவ்வளவு பெரிய இசைக்கலைஞராகியிருப்பார்? (வாசகர், திருச்சி)

பதில்: மேடை ஏறுவதற்கு முன்பே குற்றவாளிக் கூண்டில் ஏறியிருப்பார். 1978 அக்டோபர் 12 அன்று நியூயார்க் செல்சி ஹோட்டலின் 100ஆம் எண் அறையில், வயிற்றில் கத்திக்குத்துடன் இறந்து கிடந்தார் சிட்டின் காதலி நான்சி ஸ்பங்கன். கொலைக் குற்றச்சாட்டில் சிட் கைதானார். 50,000 டாலர் ஜாமீனில் வெளியே வந்தவர், டிசம்பரில் பாடகி பாட்டி ஸ்மித்தின் தம்பியைத் தாக்கி மறுபடியும் உள்ளே போனார். 1979 பிப்ரவரி 1இல் மீண்டும் ஜாமீன். மறுநாள் அளவுமீறிய ஹெராயினால் மரணம். வழக்கு விசாரணைக்கே வரவில்லை. அவர்தான் கொன்றார் என்றோ கொல்லவில்லை என்றோ தீர்ப்பு எழுத யாருக்கும் வாய்ப்பு கிடைக்கவில்லை. நீங்கள் கேட்கும் கற்பனை வாழ்க்கை அந்தத் தீர்ப்பைத் தாண்டித்தான் தொடங்க வேண்டும். நான்சிக்கு வயது 20. அவருக்கு ஒரு மாற்று வாழ்க்கை கேட்டு இதுவரை ஒரு கடிதமும் வரவில்லை.

இசைக்கு வருவோம். சிட் இடம்பெற்ற பங்க் குழு செக்ஸ் பிஸ்டல்ஸ். அதன் பாடல்கள் பலவற்றுக்கு மெட்டமைத்ததில் பெரும்பங்கு, முதலில் பேஸ் கிதார் (தாழ்ந்த சுருதிக் கிதார்) வாசித்த கிளென் மாட்லாக்குடையது. 1977இல் அவர் விலக, அந்த இடத்துக்கு சிட் வந்தார். முகம் பொருத்தம், முரட்டுத்தனம் பொருத்தம், பேஸ் கிதார் மட்டும் வாசிக்கத் தெரியாது. அந்த ஆண்டு வெளியான குழுவின் ஒரே ஸ்டூடியோ ஆல்பத்தில் பேஸ் பகுதிகளில் பெரும்பாலானவற்றை வாசித்தவர் கிதார் கலைஞர் ஸ்டீவ் ஜோன்ஸ். தாயே ஹெராயினுக்கு அடிமையாக இருந்த வீட்டில் வளர்ந்த பையன் மீது எனக்கு இரக்கம் உண்டு. அதற்காக இல்லாத வித்வானை உண்டாக்க மாட்டேன்.

பிழைத்த பங்க் கலைஞரைப் பார்க்க வேண்டுமானால் அதே குழுவின் பாடகர் ஜான் லைடன் இருக்கிறார். 2008இல் தொலைக்காட்சியில் வெண்ணெய் விளம்பரத்துக்கு நடித்தார். ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். அந்தப் பணத்தில்தான் தன் இன்னொரு குழுவான பப்ளிக் இமேஜை மீண்டும் கூட்டினார். மறதி நோய் கண்ட மனைவியை, 2023இல் அவர் இறக்கும்வரை கூடவே இருந்து கவனித்தார். நாற்பதைத் தாண்டிய சிட்டுக்கு இதில் கால்வாசி அமைந்திருந்தால் அதிர்ஷ்டம்தான்.

1996இல் செக்ஸ் பிஸ்டல்ஸ் மறுபடியும் மேடையேறியபோது பேஸ் வாசித்தவர் மாட்லாக். சிட் உயிரோடு இருந்திருந்தாலும் மாட்லாக்கைத்தான் அழைத்திருப்பார்கள்.