பழைய வெஸ்டர்ன் (கௌபாய் கதை) தொடர்களில் ஒரே பின்னணி இசை பல எபிசோடுகளில் திரும்பத் திரும்ப வருவது ஏன்? அது சோம்பலா, சிக்கனமா?

அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1955 முதல் 1975 வரை ஓடிய ‘கன்ஸ்மோக்’ தொடரின் தொடக்க ஆண்டு எபிசோடுகளைப் பார்த்துவிட்டு நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு எபிசோடில் துப்பாக்கிச் சண்டைக்கு முன் கேட்ட இசை, மூன்று எபிசோடு தள்ளி ஒரு விதவையின் வீட்டு வாசலில் ஒலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. சிக்கனம் அதற்கு ஒரு காரணம். சோம்பல் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

நானும் அந்த அரைமணி நேர எபிசோடுகளை வரிசையாகப் பார்த்தவன்தான். தொடரின் நாயகனான காவல் அதிகாரி மார்ஷல் டில்லன் இரவில் கதை நடக்கும் ஊரான டாட்ஜ் சிட்டியின் தெருவில் தனியாக நடந்து வரும்போது வந்த, தாழ்ந்த சுருதியில் இரண்டே அடிகளைத் திருப்பித் திருப்பிச் சொல்லும் ஒரு துண்டு என் மனத்தில் ஒட்டிக்கொண்டது. பிறகு அதைக் கேட்கும் இடங்களையெல்லாம் ஒரு நோட்டில் நிமிடக் கணக்கோடு குறிக்கத் தொடங்கினேன். சில மாதங்கள் கழித்து, வெஸ்டர்னோடு எந்தத் தொடர்பும் இல்லாத, ஆனால் அதே சிபிஎஸ்ஸில் வந்த ‘தி ட்வைலைட் ஸோன்’ என்ற விநோதக் கதைத் தொடரில் அதே துண்டைக் கேட்டபோதுதான், இது ஒரு தொடரின் பழக்கம் அல்ல, ஒரு நிறுவனத்தின் முறை என்பது எனக்குப் புரிந்தது.

முதலில் கணக்கைப் பாருங்கள். ‘கன்ஸ்மோக்’ தொடக்கத்தில் ஆண்டுக்கு 39 எபிசோடுகள் வந்தது. ஒவ்வொன்றிலும் பத்து நிமிட இசை என்று வைத்துக்கொண்டாலே ஓர் ஆண்டுக்கு ஆறரை மணி நேர இசை வேண்டும். நம் திரைத்துறையில் ரீரெக்கார்டிங் என்று சொல்லும் வேலையை, அதாவது படத்தை ஓட்டிப் பார்த்து, அதற்கென்றே எழுதி, வாத்தியக் குழுவை வைத்துப் பதிவுசெய்யும் வேலையை, வாரம் ஒருமுறை செய்ய அன்றைய அரைமணி நேரத் தொடர் ஒன்றின் பட்ஜெட் இடம் தரவில்லை. வானொலி நாடகங்கள் இதற்கு முன்பே வழி காட்டியிருந்தன. 1933இல் டெட்ராய்ட் வானொலியில் தொடங்கிய ‘தி லோன் ரேஞ்சர்’, ராயல்டி கொடுக்க வேண்டியிராத ரோசினியின் ‘வில்லியம் டெல்’ முன்னிசையையும் லிஸ்ட், மெண்டல்சன் போன்றோரின் படைப்புகளையும் எடுத்து ஆண்டுக்கணக்கில் ஓட்டியது. பின்னர் ரிபப்ளிக் என்ற ஹாலிவுட் படநிறுவனம் திரையரங்குகளுக்காக எடுத்த தொடர்படங்களுக்கு எழுதப்பட்ட இசையின் உரிமையைப் பெற்று, அதை மாற்றியமைத்து, அமெரிக்கத் தொழிற்சங்க விதிகள் எட்டாத மெக்சிகோவில் பதிவுசெய்து, வானொலிக்கும் 1949இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடருக்கும் பயன்படுத்தினார்கள்.

தொழிற்சங்கம் என்று நான் சொல்வது அமெரிக்க இசைக்கலைஞர்கள் கூட்டமைப்பை. அதன் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ, பதிவு செய்யப்பட்ட இசை நேரடியாக வாசிக்கும் கலைஞனின் பிழைப்பைப் பறித்துவிடும் என்று அஞ்சி, 1942இலேயே இசைத்தட்டுப் பதிவுகளை நிறுத்திவைத்தவர். தொலைக்காட்சி வந்தபின், படச்சுருளில் எடுக்கப்படும் தொடர்களுக்கு இசை பதிவு செய்தால் ஒரு பங்குப் பணத்தைக் கலைஞர்களுக்கான நிதியில் செலுத்த வேண்டும் என்று சங்கம் வற்புறுத்தியது. அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் விளைவாகத் தயாரிப்பாளர்கள் வெளிநாட்டில் பதிவுசெய்த இசையையும், கையிருப்பில் உள்ள நாடாக்களையும் இன்னும் அதிகமாக நாடினார்கள்.

சிபிஎஸ் இதை ஒரு பெரிய ஏற்பாடாகவே வளர்த்தது. அமெரிக்க மேற்குக் கடற்கரையில் இருந்த அதன் இசைப் பிரிவின் தலைவராக இருந்த லட் க்ளஸ்கின், எந்தக் குறிப்பிட்ட எபிசோடுக்கும் அல்லாமல் பொதுவாகப் பயன்படும் துண்டுகளை இசையமைப்பாளர்களிடம் எழுதி வாங்கி, ஓர் இசை நூலகத்தில் சேர்த்தார். அந்த நூலகத்துக்கு எழுதியவர்களில் பெர்னார்ட் ஹெர்மனும் ஒருவர் என்பதை அறிந்தபோது நான் வியந்துபோனேன். ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ படத்துக்கு இசையமைத்த காலத்தை ஒட்டியே அவர் சிபிஎஸ்ஸுக்காக ‘வெஸ்டர்ன் ஸூட்’, ‘டெசர்ட் ஸூட்’ போன்ற தொகுப்புகளை எழுதினார். பதுங்கித் தாக்குதல், கெட்டவன், மழைமேகங்கள், திறந்த வெளி என்பன போன்ற தலைப்புகளில், படத்தைப் பார்க்காமலே எழுதப்பட்ட சிறு சிறு துண்டுகள் அவை. 1957இல் தொடங்கிய ‘ஹேவ் கன் வில் டிராவல்’ தொடரின் முகப்பிசையும் அவருடையதே. நீண்ட மெட்டை விரித்துச் செல்வது ஹெர்மனின் வழக்கம் அல்ல. ஓரிரு அடிகள் கொண்ட ஒரு கருவை எடுத்து, வாத்தியத்தின் நிறத்தை மட்டும் மாற்றி மாற்றி அடுக்குவார். மெட்டைப் பாதியில் வெட்டினால் காயம் தெரியும். இப்படிப்பட்ட அடுக்கை எங்கே வெட்டினாலும் தெரியாது. நூலக இசைக்கு இதைவிடப் பொருத்தமான கை அமைந்திருக்க முடியாது.

அந்த வெட்டும் வேலையைச் செய்தவர் இசைப் படத்தொகுப்பாளர். உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் அவரிடம்தான் இருக்கிறது. முடித்துத் தரப்பட்ட எபிசோடை மூவியோலா என்ற படத்தொகுப்புக் கருவியில் ஓட்டிப் பார்த்து, எந்த இடத்தில் இசை வேண்டும், எந்த இடத்தில் மௌனம் போதும் என்று முடிவுசெய்து, நூலகத்திலிருந்து எடுத்த துண்டு 40 விநாடி நீளமும் காட்சி 27 விநாடி நீளமும் இருந்தால் நடுவில் 13 விநாடியைக் கழித்து, கதவு திறக்கும் கணத்தில் சரியாக அடுத்த ஸ்வரம் விழும்படி ஒட்ட வேண்டும். இரண்டு வெவ்வேறு இசையமைப்பாளர்களின் துண்டுகளை, சுருதி உறுத்தாமல், ஒரே எண்ணத்தின் தொடர்ச்சி போல இணைக்கவும் வேண்டும். விதவையின் வாசலில் சண்டை இசை ஒலித்தது என்கிறீர்களே, அந்தக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். அநேகமாக அந்தத் துண்டின் தாளப் பகுதி நீக்கப்பட்டு, நீண்டு நிற்கும் ஒலி மட்டும் இருக்கும்.

எல்லா இடத்திலும் இது வெற்றிபெற்றது என்று சொல்ல மாட்டேன். விளம்பர இடைவேளைக்கு முன் வரும் அதே அதிர்ச்சி ஒலி பத்தாவது முறை கேட்கும்போது அதிர்ச்சி தருவதில்லை. சில இடங்களில் இசை முடியும் முன்பே அவசரமாகத் தணிக்கப்படுவதும் நன்றாகக் கேட்கிறது. இதற்கு மாறாக, என்பிசி என்ற போட்டித் தொலைக்காட்சியில் 1959இல் தொடங்கிய ‘பொனான்ஸா’ என்ற வெஸ்டர்ன் தொடருக்கு டேவிட் ரோஸ் எபிசோடு எபிசோடாகப் புதிய இசை எழுதினார், அங்கே அந்தந்தக் கதாபாத்திரத்தின் துயரத்துக்கென்றே பிறந்த மெட்டுகளைக் கேட்கலாம். ஆனாலும் டாட்ஜ் சிட்டி ஓர் உண்மையான ஊர் போல என் மனத்தில் தங்கியதற்கு, அந்த ஊரின் இரவு வாரந்தோறும் ஒரே ஒலியோடு வந்ததும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

இரண்டு நூலகத் துண்டுகளை ஒட்டி வைத்ததால் எவ்வளவு பெரிய விஷயம் பிறக்க முடியும் என்பதற்கு ‘தி ட்வைலைட் ஸோன்’ தொடரே சாட்சி. அதன் முதல் சீசனின் முகப்பிசை ஹெர்மன் எழுதியது. இரண்டாம் சீசனில் வந்து உலகப் புகழ் பெற்ற அந்தக் கிதார் ஒலி, மாரியூஸ் கோன்ஸ்தான் என்ற இசையமைப்பாளர் சிபிஎஸ் நூலகத்துக்குத் தனித்தனியாக எழுதிக் கொடுத்த இரண்டு சிறு துண்டுகளின் இணைப்பு.

நூலக இசையை எழுதியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் திரையில் வரவில்லை. சிபிஎஸ்ஸின் இசைக் கையெழுத்துப் பிரதிகள் இப்போது லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அவற்றை வைத்துத்தான் எந்தத் துண்டு யாருடையது என்று ஆய்வாளர்கள் பிரித்தறிந்து வருகிறார்கள். என் நோட்டில் டில்லனின் இரவு நடைக்கு நேரே நெடுநாள் வெறும் கேள்விக்குறி மட்டும் இருந்தது. இப்போது அந்த இடத்தில் ஹெர்மன் என்று எழுதி வைத்திருக்கிறேன்.