பழைய சோர்க்கி 4 கமராவை எப்பிடிப் பாவிக்கிறது?

தாத்தாட சோர்க்கி 4, அந்தப் பழைய சோவியத் ஃபிலிம் கமரா, கிடைச்சிருக்கு எண்டு கேட்டிருக்கிறீங்க, முதல்ல இதை மனசில வைங்கோ, ஃபிலிமை நகர்த்துற குமிழைச் சுத்தி ஷட்டரை (ஃபிலிமுக்கு முன்னால திறந்து மூடுற திரை) ஏத்தின பிறகுதான் அதிட வேகத்தை மாத்திற ஸ்பீட் டயலைத் திருப்போணும், ஏத்தாமல் திருப்பினா உள்ளுக்கு மெக்கானிசம் பழுதாகிடும். ஃபோகஸுக்கு வியூஃபைண்டர் நடுவில தெரியிற ரெண்டு உருவமும் ஒண்டாகிற வரைக்கும் லென்ஸ் வளையத்தைத் திருப்புங்கோ. வெளிச்சம் அளக்கிற மீட்டர் இதில இல்லை, பரவாயில்லை, கொழும்பு காலிமுகத்திடல் மத்தியான வெயிலுக்கு 200 ஐஎஸ்ஓ ஃபிலிமில ஷட்டர் வேகம் 1/250 செக்கன், லென்ஸ் துவாரம் எஃப் 16 போதும், மேகம் மூடினா எஃப் 8. இதைக் கட்டாயம் கவனிங்கோ, இந்தக் கமராவுக்குள்ள எஸ்எல்ஆர் கமராவில மாதிரி லென்ஸுக்குப் பின்னால வெளிச்சத்தைத் தடுக்கிற கண்ணாடி இல்லை, ஷட்டரும் துணி, மூடி போடாமல் லென்ஸை வெயிலுக்கு நேர வைச்சா சூரியன் குவிஞ்சு துணியில ஓட்டை விழும், அது பெரிய செலவு. கொழும்பு ஈரக்காத்துக்கு லென்ஸில பூஞ்சணமும் பிடிக்கும், சிலிக்கா ஜெல் போட்டு இறுக்கமான டப்பாவில வைங்கோ.